வாங்காதவர்களின் பேரம்

உலகத்தின் எந்த மூலையில் குண்டு விழுந்தாலும், எந்த அரசு கவிழ்ந்தாலும், செவ்வாய்க்கிழமை மாலை பல் டாக்டரின் மாடியில் இருந்த அந்த அறையில் அதைச் சரிபாதியாக வெட்டிவிடுவார்கள். ஆங்கிலப் பேச்சு வகுப்பு. கீழே பல்லைப் பிடுங்குவார்கள், மேலே வாயைத் திறக்கச் சொல்லிக் கொடுப்பார்கள். இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு. ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்து யார் எதற்குப் போகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது.

வகுப்பின் சட்டம் எளிது. வாரம் ஒருவர் ஒரு செய்தி கொண்டுவர வேண்டும். போர், தேர்தல், வரி, விலைவாசி, எல்லையில் மடக்கப்பட்ட படகு, எதுவானாலும் சரி. பிறகு ஒரு தகர டப்பா கைக்குக் கை வரும். அதற்குள் வெள்ளையும் கறுப்புமாகப் பொத்தான்கள். வெள்ளை வந்தால் ஆதரித்துப் பேச வேண்டும், கறுப்பு வந்தால் எதிர்த்து. "மனசை வீட்டுல விட்டுட்டு வாங்க, வாயை மட்டும் எடுத்துட்டு வாங்க" என்பார் ஆசிரியர். இளைஞர். இஸ்திரி கலையாத சட்டை. எந்தச் செய்திக்கும் இரண்டு பக்கம் உண்டு என்று அவர் சொல்லும்போது ஏதோ இரண்டு பக்கத்துக்கும் அவரே வாடகை வசூலிக்கிறவர் மாதிரி ஒரு திருப்தி முகத்தில் இருக்கும். தமிழில் பேசிவிட்டால் எழுந்து நின்றுதான் மீதியைப் பேச வேண்டும் என்பது இன்னொரு சட்டம்.

அந்தப் பொத்தான்களைக் கொடுத்தது பொத்தான்கடை அக்கா. நகரத்தின் பழைய மூடிய சந்தையில், கீழ்த்தளத்தில், பொத்தான், ஜிப், எலாஸ்டிக், கொக்கி, லைனிங் துணி எல்லாம் விற்கும் கடை அவளுடையது. அவளும் அவள் ஓரகத்தியும் சேர்ந்து நடத்தினார்கள். வீட்டில் ஒரே அடுப்புக்குச் சண்டை போடாமலிருக்க, கடையில் ஒரே கல்லாவுக்குச் சண்டை போட்டுக்கொள்வார்கள். அக்காவின் வாய் சந்தை முழுக்கப் பிரசித்தம். மொத்த வியாபாரி காலையில் சொன்ன விலையை மத்தியானத்துக்குள் அவன் வாயாலேயே 'அதிகம்தான்' என்று சொல்ல வைத்துவிடுவாள்.

அந்த வாயை நம்பித்தான் சந்தைக்காரர்கள் அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். நகராட்சி சந்தையை இடித்துவிட்டு, கார் நிறுத்துமிடமும் கண்ணாடிக் கடைகளுமாக ஒரு கோபுரம் கட்டத் திட்டம் போட்டிருந்தது. கடன் கொடுக்கப்போவது வெளிநாட்டு வங்கி. அந்த வங்கியின் ஆட்கள் நேரில் வந்து இரு தரப்பையும் கேட்பார்கள், ஆங்கிலத்தில். அவர்களுக்கு மனசு வந்தால் கடன் நிற்கும், கடன் நின்றால் சந்தை நிற்கும். "நகராட்சிக்காரன் மொழிபெயர்ப்பாளன் நம்ம அழுகையை இருமல்னு மொழிபெயர்ப்பான்" என்றார் சங்கத் தலைவர். விளக்குக்கடைக்காரர். "தங்கச்சி, நீ நேரா பேசு. பேரம் பேசத் தெரிஞ்சவளுக்கு பாஷை ஒரு பொருட்டா?"

பொருட்டுதான். அதனால்தான் அக்கா அந்தப் படிகளில் ஏற ஆரம்பித்தாள்.

ஏறியவளுக்கு, சும்மா சொல்லக்கூடாது, ருசி கண்டுவிட்டது. வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவள். விற்கிறவன் புகழ்வான், வாங்குகிறவன் குறை சொல்வான், இரண்டு பேரும் பொய் சொல்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியும் என்று பால்குடி மறப்பதற்கு முன்பே அறிந்தவள். வெள்ளைப் பொத்தான் வந்த வாரம் ஓர் அணைக்கட்டை ஆதரித்து, அது விழுங்கப்போகும் ஊர்களை எல்லாம் ஒரே மூச்சில் மூழ்கடித்துக் கைதட்டல் வாங்கினாள். கறுப்பு வந்த வாரம் அகதிகளுக்குக் கதவைத் திறக்கக்கூடாது என்று பேசி, வகுப்பிலிருந்த ஓய்வுபெற்ற வங்கி மேனேஜரைக் கூடத் தலையாட்ட வைத்தாள். அன்றைக்குப் பாதியில் எழுந்துபோன பஸ் டிரைவர் ஒருவர் அதற்குப் பிறகு வகுப்புக்கு வரவில்லை. 'தோத்தா தாங்கணும், ஓடக்கூடாது' என்று நினைத்துக்கொண்டாள்.

பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் கொண்டுவந்த செய்தி: பழைய சந்தை இடிப்பு.

டப்பா வந்தது. அக்கா கையை விட்டாள். வெள்ளை.

"சார், இது எங்க சந்தை" என்றாள் தமிழில், எழுந்து நின்று.

"அதனாலதான் அக்கா சுவாரசியம்."

"என் கடை அதுக்குள்ள இருக்கு. இடிக்கணும்னு நானே எப்படிப் பேசறது?"

"எதிராளி என்ன பேசுவான்னு தெரிஞ்சவங்கதான் ஜெயிப்பாங்க. இது யார் சொன்னது? நீங்கதான், போன மாசம்."

சொன்னவள் அவள்தான். அவள் கடைச் சரக்கை அவள் தலையிலேயே கட்டுகிறான் பையன் என்று புரிந்தது. ஆனாலும் கெட்டிக்காரி என்று சொல்லிவிட்டால் கெட்டிக்காரர்களுக்குத்தான் முதலில் கண் மறையும். உட்கார்ந்தாள்.

கறுப்புப் பொத்தான் மேனேஜருக்கு. சந்தையைக் காப்பாற்றும் பக்கம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். சந்தை என்பது நகரத்தின் ஆன்மா என்றார். சின்ன வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு போன இடம் என்றார். அந்த வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது என்றார். அக்காவுக்குத் தெரியும், இருபது வருஷத்தில் இந்த மனுஷன் சந்தைக்குள் கால் வைத்து ஒரு ஊக்கு வாங்கியதில்லை. சரக்கை வெறுக்கிறவனைப் பொறுத்துக்கொள்ளலாம். சரக்கே தெரியாமல் புகழ்கிறவனை எந்த வியாபாரியும் பொறுக்க மாட்டான். அவளுடைய சந்தைக்கு இவ்வளவு மட்டமான வக்கீலா?

அவள் முறை வந்தது.

"மேனேஜர் மூக்கில் இன்னும் இருக்கும் வாசனை எங்கள் சாக்கடை" என்று ஆரம்பித்தாள், உடைந்த ஆங்கிலத்தில். அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கூரையில் விரிசல், மழை நாளில் பிளாஸ்டிக் விரித்துத்தான் வியாபாரம். மின் கம்பிகள், எலி தின்றதுபோக மீதி. பின்வாசல் என்று ஒன்று உண்டு, பூட்டியே இருக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் போன தலைமுறையிடம். நடைபாதை முழுக்கப் பெட்டி. தீப்பிடித்தால் ஜனங்கள் வெளியே ஓட முடியாது, பெட்டி மட்டும்தான் ஓடாமல் பாதுகாப்பாக இருக்கும். பாதிக் கடைகள் உள்வாடகை, எடுத்தவன் ஒருத்தன், நடத்துகிறவன் வேறொருத்தன். பெண்களுக்கு ஒரு கழிப்பறை, அதற்கும் கதவு இல்லை. "இதை ஏன் வைத்திருக்க வேண்டும்? இடித்துவிடுங்கள்!" என்று மேஜையைத் தட்டி முடித்தாள்.

கைதட்டல் கீழே பல் டாக்டருக்குக் கேட்டிருக்கும். ஆசிரியர் வழக்கம்போல் எல்லாவற்றையும் போனில் பிடித்திருந்தார், பிழைகளைப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்காக. "ஒரே ஒரு மூச்சுகூட வாங்கலையே அக்கா" என்றார். மேனேஜர் கைகுலுக்கினார்.

படியிறங்கித் தெருவுக்கு வரும்வரைதான் அந்தச் சந்தோஷம் தாங்கியது. அதற்குள் ஏனோ நாக்கில் கசந்தது. நல்ல விலைக்குத்தான் விற்றோம், ஆனால் விற்றது எதை என்ற கேள்வி மாதிரி ஒன்று. 'வெறும் பயிற்சிதானே' என்று அதை அடக்கிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

இரண்டு நாள் கழித்து, கடையில் ஒரு தையல்காரருக்கு ஜிப் நீளம் அளந்துகொண்டிருந்தபோது விளக்குக்கடைத் தலைவர் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் பைக்கடை, பெட்டிக்கடை, கண்ணாடிக்கடை என்று ஒரு படையே வந்தது.

"தங்கச்சி, இது யாரு?"

போனை நீட்டினார். அக்கா பார்த்தாள். அவளே மேஜையைத் தட்டினாள். கீழே கொட்டை எழுத்தில்: 'சந்தைக் கடைக்காரியே சொல்கிறார்! ஆறே மாதத்தில் சரளமான ஆங்கிலம்!' ஆசிரியர் தன் வகுப்புக்கு விளம்பரம் போட்டிருந்தார். அதை வகுப்புக்காக யாரும் பார்க்கவில்லை. 'சந்தைக்காரியே சொல்கிறார்' என்பதற்காகத்தான் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, இது வகுப்புல... பொத்தான் எடுத்து... வெள்ளை வந்தா ஆதரவா பேசணும்..."

"என்ன பொத்தான்?"

"டப்பாவுல போட்ட பொத்தான். அது சொல்ற பக்கம் பேசணும். சட்டம் அப்படி."

சொல்லும்போதே தன் காதுக்கே அது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தது. தலைவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டீங்களாப்பா? பொத்தான் சொல்லுச்சாம். நாளைக்கு ஊக்கு சொல்லும், கொக்கி சொல்லும்."

"அண்ணே, கிண்டல் வேணாம்."

"கிண்டலா? பின்வாசல் சாவி விஷயம் வெளியாளுக்குத் தெரியுமா? உள்வாடகை விஷயம் தெரியுமா? நடைபாதைப் பெட்டி? நகராட்சிக்காரன் ரெண்டு வருஷம் தலைகீழா நின்னாலும் கண்டுபிடிக்க முடியாததை நீ ரெண்டு நிமிஷத்துல கூவி வித்துட்டியே. நுணலும் தன் வாயால் கெடும்பாங்க. அது பரவாயில்லை, தனியா கெடும். நீ எங்களையும் சேர்த்துல்ல..."

"யார்கிட்ட என்ன வாங்கினாங்கன்னு கேளுங்கண்ணே" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்காவின் கையிலிருந்த அளவு நாடா சுருண்டு விழுந்தது. அதற்கு முன்னால் ஓரகத்தி கல்லாவை விட்டு எழுந்துவிட்டாள். "எவன்டா அது வாங்கினாங்கன்னு கேட்டது? முன்னால வா! எங்கக்கா பத்து பைசா இறக்கறதுக்கே பத்து நாள் யோசிப்பா, அவளையா சொல்ற?" என்று கத்தினாள். கூட்டம் சற்று நகர்ந்தது. ஆனால் கூட்டம் போனதும் ஓரகத்தி திரும்பி அதே குரலில், "உனக்கு எதுக்குக்கா இந்த வேலை? வாயை வாடகைக்கு விட்டா இப்படித்தான்" என்றாள். அக்கா குனிந்து நாடாவை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தாள்.

தலைவர் மறுபடி வந்தபோது பேச்சைச் சுருக்கமாக வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் வங்கி ஆட்கள் விசாரிக்கும் கூட்டத்தில் அவள் பேச வேண்டாம். எழுதிக் கொடுத்ததை அவரே வாசிப்பார். "நீ வராம இருந்தா இன்னும் நல்லது."

அந்த வார்த்தைதான் அக்காவுக்குள் திரியைப் பற்ற வைத்தது. கோபம் முதலில் தன் மேல், பிறகு தலைவர் மேல், பிறகு சுற்றிச் சுற்றி வந்து ஒரு இடத்தில் நின்றது. அடுத்த செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் வீட்டுப் படியில் அவள் ஏறிய வேகத்தில், கீழே காத்திருந்தவர்கள் பாவம் கடைவாய்ப்பல் போலிருக்கிறது என்று வழிவிட்டார்கள்.

வகுப்பு தொடங்கியிருந்தது. எங்கோ ஒரு நாட்டில் தேர்தலை ஒத்திவைத்ததைப் பற்றி மேனேஜர் ஆதரித்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க! நம்ம ஸ்டார்!" என்றார் ஆசிரியர். "அக்கா, எத்தனை பேர் பார்த்திருக்காங்க தெரியுமா?"

"எடுங்க அதை."

"எதை?"

"என் மூஞ்சியை. உங்க போன்ல இருந்து, ஊர் போன்ல இருந்து. எடுங்க."

"அக்கா, எல்லாரும் உங்க ஆங்கிலத்தைப் பாராட்டறாங்க..."

"பாராட்டினவன்ல ஒருத்தன் சந்தைக்கு வந்து என் கடை ஷட்டர்ல 'இடி'ன்னு எழுதிட்டுப் போயிருக்கான். நல்ல கையெழுத்து. யார்கிட்ட படிச்சானோ."

மேனேஜர் கையை உயர்த்தினார். "அம்மா, உட்காருங்க. உணர்ச்சிவசப்படாதீங்க. இது ஒரு அறிவுப் பயிற்சி. ரெண்டு பக்கத்தையும் பார்க்கறதுதான் நாகரிகம்."

"நின்னுக்கிட்டேதான் பேசறேன். தமிழ்ல பேசினா நிக்கணும்னு உங்க சட்டம்தானே? நிக்கறேன். நீங்க எல்லாரும் உக்காந்திருங்க, உங்களுக்கு அதுதான் வரும்."

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அக்கா மேஜையிலிருந்த தகர டப்பாவை எடுத்தாள். ஆசிரியரின் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"சார், கை விடுங்க."

"எதுக்கு?"

"இந்த வாரம் செய்தி நான் கொண்டுவந்திருக்கேன். இந்த வகுப்பை இழுத்து மூடணுமா வேணாமா. எடுங்க பொத்தான்."

அவர் சிரித்துக்கொண்டே கையை விட்டார். வெளியே எடுத்தது வெள்ளை.

"மூடணும். பேசுங்க. வாடகை பாக்கியைச் சொல்லுங்க, கீழ டாக்டர் கரண்ட்ல இருந்து ஒயர் இழுத்திருக்கறதைச் சொல்லுங்க, முன்னாடி சேர்ந்தவங்க எத்தனை பேர் பாதியில ஓடினாங்கன்னு சொல்லுங்க. மூச்சு விடாம பேசுங்க. நான் போன்ல பிடிக்கறேன். ஊருக்கு அனுப்பறேன். 'வாத்தியாரே சொல்கிறார்!'"

ஆசிரியரின் முகத்தில் இஸ்திரி கலைந்தது. "அக்கா, அது... இது என் பிழைப்பு."

"அப்ப சந்தை?"

அக்கா டப்பாவை மேஜையில் வைத்தாள்.

"அது என் விளையாட்டுன்னு நினைச்சீங்களா? கடையில தினம் ஒரு ஜாதி வரும். நாலு பெட்டியை இறக்கச் சொல்லும், எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லும், விலை கேக்கும், குறைக்கச் சொல்லும், நானும் தொண்டை வத்தப் பேசுவேன். கடைசியில 'சும்மா பார்த்தேன்'னு எழுந்து போகும். வாங்கற எண்ணமே இருக்காது. எங்க சந்தையில திருடனைக்கூட மன்னிச்சிருவோம், அவனுக்காவது பொருள் வேணும். வாங்காம பேரம் பேசறவனை மன்னிக்க மாட்டோம். இங்க உக்காந்து நீங்க பண்றது அதுதான். யார் வீடோ எரியுது, எவன் ஊரோ முழுகுது, அதைப் பிரிச்சு மேஜை மேல போட்டு, வெள்ளையா கறுப்பான்னு ஒரு மணி நேரம் விலை பேசிட்டு, டீயைக் குடிச்சிட்டு 'அடுத்த வாரம் பாப்போம்'னு போறீங்க."

"நீங்களும்தானே பேசினீங்க?" என்றார் மேனேஜர். வங்கியில் இருந்தவர், கணக்கில் எங்கே குத்த வேண்டும் என்று தெரியும்.

"பேசினேன்! உங்க எல்லாரையும்விட நல்லாப் பேசினேன். பஸ் ஓட்டற அண்ணன் ஏன் வர்றதில்லைன்னு யாராவது கேட்டீங்களா? நானும் கேக்கலை, இந்த வாரம்தான் தெரிஞ்சது. அவர் அண்ணன் குடும்பம் எந்த எல்லையில எந்தக் கதவுக்கு வெளிய நிக்குதோ, அந்தக் கதவைச் சாத்துங்கன்னு நான் மேஜையைத் தட்டினேன், நீங்க கை தட்டினீங்க. அன்னைக்கே அந்த மனுஷன் இந்த டப்பாவைத் தூக்கி என் தலையில போட்டிருக்கணும். மரியாதை தெரிஞ்சவர், எழுந்து போயிட்டார். எனக்கு அவ்வளவு மரியாதை கிடையாது."

ஆசிரியர் போனை எடுத்து, அவள் எதிரிலேயே வீடியோவை நீக்கினார். "போயிடுச்சு அக்கா. மன்னிச்சிருங்க" என்றார். அக்காவுக்கு அந்த மன்னிப்பின் மேலும் கோபம் வந்தது. போகாது என்று இருவருக்கும் தெரியும். அதற்குள் ஊரில் பாதிப் பேர் எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். உடைந்த பாட்டிலை மூடி போட்டு நீட்டுகிறான் பையன்.

டப்பாவைக் கவிழ்த்துப் பொத்தான்களை முந்தானையில் அள்ளிக்கொண்டாள். "இது என் கடைச் சரக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

விசாரணைக் கூட்டம் நகராட்சியின் பெரிய அறையில் நடந்தது. மேடையில் வங்கியிலிருந்து வந்த மூன்று பேர்; நடுவில் நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய ஓர் அம்மாள். வர வேண்டாம் என்று சொல்லப்பட்ட அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள், ஓரகத்தியோடு. "வாயைத் திறந்தே, நான் உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லிருவேன்" என்று ஓரகத்தி வழியெல்லாம் மிரட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தலைவர் காகிதத்தை வாசித்தார். மேனேஜர் எழுதிக் கொடுத்தாரோ என்று சந்தேகம் வரும்படி அதில் ஆன்மா இருந்தது, பாரம்பரியம் இருந்தது. கூரை நல்ல கூரை என்றும் சந்தையில் ஒரு குறையும் இல்லை என்றும் இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவன்கூடச் சோற்றைக் கொஞ்சம் அதிகமாகப் போடுவான். இதில் சோறே இல்லை.

நகராட்சி வக்கீல் எழுந்தார். ஒன்றும் பேசவில்லை. சுவரில் படத்தை ஓட விட்டார். அக்கா, அறையின் உயரத்துக்கு, மேஜையைத் தட்டினாள்.

"இவர் யார்?" என்று கேட்டார் வங்கி அம்மாள்.

தலைவர் நகராட்சி மொழிபெயர்ப்பாளர் பக்கம் திரும்பினார். "அந்தப் பெண்ணுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்றார். "கொஞ்சம்... புத்தி சரியில்லை."

"அடப்பாவி" என்றாள் ஓரகத்தி. பிறகு அக்காவின் முதுகில் கையை வைத்து முன்னால் தள்ளினாள். "எழுந்திரு. வீட்டுக்காரரை நான் பாத்துக்கறேன்."

அக்கா எழுந்து முன்னால் போனாள். சுவரில் அவள் முகம் இன்னும் நின்றிருந்தது, வாய் திறந்தபடி. அதன் கீழே நின்று ஆங்கிலத்தில் பேசினாள். காலமும் சொல்வரிசையும் முன்பின்னாக இடறின. ஒருவருக்கும் புரியாமல் போகவில்லை.

"அந்தப் பெண் நான்தான். புத்தி சரியாகத்தான் இருக்கிறது, கோபம்தான் அளவில்லாமல் இருக்கிறது. அவள் சொன்ன குறைகள் அத்தனையும் உண்மை. எங்கள் தலைவர் கூரை நன்றாக இருக்கிறது என்றார். அது பொய். இந்த வக்கீல் என் படத்தைக் காட்டினார். ஆனால் கூரையை ஒழுகவிட்டது யார் என்று காட்டவில்லை. கூரை நகராட்சியுடையது. கம்பி நகராட்சியுடையது. சாக்கடை நகராட்சியுடையது. பராமரிப்பு என்று மாதா மாதம் எங்களிடம் வாங்குகிறார்கள். கடைசியாக எப்போது ஒரு ஆள் ஏணியோடு வந்தார் என்று அவரிடம் கேளுங்கள். நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டு, பாருங்கள் எவ்வளவு மெலிந்திருக்கிறான், கொன்றுவிடலாம் என்கிறார்கள். சொன்ன குறையெல்லாம் என் சொல்தான். 'இடியுங்கள்' என்ற ஒரு சொல் மட்டும் என்னுடையது இல்லை. அதை ஒரு விளையாட்டில் சொன்னேன். அந்த வெட்கம் எனக்கு. நீங்கள் விளையாட வரவில்லை என்று நினைக்கிறேன்."

"நடைபாதை?" என்று கேட்டார் அந்த அம்மாள். "பெட்டிகள்? பின்வாசல்? உள்வாடகை? அதுவும் நகராட்சிதானா?"

இந்த இடத்தில் எந்த வியாபாரியும் சரக்கைத் திருப்பி நல்ல பக்கத்தைக் காட்டுவான். அக்காவுக்கும் தெரியும், எப்படித் திருப்புவது என்று. முன்வரிசையிலிருந்து தலைவர் கண்ணாலேயே கெஞ்சினார்.

"இல்லை. அது நாங்கள்" என்றாள். "பெட்டிகள் எங்களுடையவை. நிறைய இவருடையவை." தலைவரைக் கையால் காட்டினாள். "உள்வாடகைக்கு விட்டவர்களும் நாங்கள்தான். பின்வாசல் பூட்டை உடைக்க எங்களுக்கு ஒரு சுத்தியல் போதும். அதை இத்தனை வருஷம் செய்யாதது எங்கள் தப்பு."

"தங்கச்சி!" என்று தலைவர் தமிழில் அலறினார்.

"இருங்கண்ணே. சம்பந்தமில்லாதவ பேசிட்டிருக்கேன்."

வங்கி அம்மாள் நகராட்சி எஞ்சினியரைப் பார்த்தார். கூரையைப் பழுதுபார்க்க மதிப்பீடு ஏதாவது உண்டா என்று கேட்டார். எஞ்சினியர் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் கூரையைப் பார்த்தார். அந்தக் கூரை நன்றாகத்தான் இருந்தது. இடிப்பதற்கு முன் பழுதுபார்க்கும் செலவு என்னவென்று தெரிய வேண்டும், அதுவரை கடன் இல்லை என்று சொல்லிவிட்டுக் கூட்டத்தை முடித்தார்கள். கூடவே இன்னொரு நிபந்தனை: நடைபாதை உடனே காலியாக வேண்டும், பின்வாசல் திறக்க வேண்டும், உள்வாடகைக் கடைகளின் கணக்கு வர வேண்டும்.

சந்தை நின்றது. ஆனால் சந்தையில் யாரும் அக்காவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. பைக்கடைக்காரர் தன் உள்வாடகைக்காரனை இழந்திருந்தார். கண்ணாடிக்கடைக்காரர் பெட்டிகளை வைக்க இடமில்லாமல் வீட்டுக் கூடத்தில் அடுக்கி, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். தலைவர் தானே குனிந்து விளக்குப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகும்போது ஒவ்வொரு தடவையும் அவள் கடை வாசலில் ஒரு முறை நின்று மூச்சு வாங்கினார். வேண்டுமென்றேதான்.

"சந்தோஷமா?" என்றார் ஒரு தடவை.

"இல்லைண்ணே."

"என் மானத்தை வெள்ளைக்காரி முன்னால..."

"என் புத்தியை நீங்க அவ முன்னாலதான் வித்தீங்க. அடிமாட்டு விலைக்கு."

அவர் பெட்டியை இழுத்தார். அது சிமெண்டுத் தரையில் பல்லைக் கடிப்பதுபோல் சத்தம் போட்டது.

மத்தியானம் ஒரு பெண் வந்தாள். நல்ல கைப்பை, நல்ல செருப்பு. ரவிக்கைக்குக் கொக்கி கேட்டாள். ஓரகத்தி அட்டையை எடுத்துப் போட்டாள். அந்தப் பெண் கொக்கியைப் பார்க்காமல் அக்காவையே பார்த்தாள்.

"நீங்க அந்த வீடியோவுல வந்தவங்கதானே? இந்தச் சந்தையை இடிக்கணும்னு பேசினவங்க? அருமையாப் பேசினீங்க. எங்க வீட்டுல எல்லாரும் பார்த்தோம். எனக்கும் அதே கருத்துதான். ஒரே அழுக்கு, இல்லையா?"

கூட்டத்தில் பேசியதை யாரும் போனில் பிடித்திருக்கவில்லை. அதைக் கேட்டவர்கள் அந்த அறையில் இருந்தவர்கள் மட்டும். இதைக் கேட்டது ஊர்.

அக்காவின் காது சிவப்பதை ஓரகத்தி பார்த்தாள். அவசரமாக, "கொக்கி எத்தனை அட்டை வேணும் உங்களுக்கு?" என்றாள்.

அக்கா மேஜையைச் சுற்றி வெளியே வந்தாள். வாடிக்கையாளர்களுக்கான ஸ்டூலை எடுத்து, அந்தப் பெண்ணின் பின்னால் போட்டாள்.

"உக்காருங்கம்மா" என்றாள். "அதுல பாதிதான் வந்திருக்கு. மீதியையும் கேட்டுட்டுப் போங்க."

"இல்லைங்க, எனக்கு நேரமாச்சு..."

"உக்காருங்க."

அந்தப் பெண் உட்கார்ந்தாள். ஓரகத்தி பெருமூச்சோடு கொக்கி அட்டைகளைத் திரும்ப எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.